ஐரோப்பாவில் முதல் கார்ப் பயணம்: மானிப்பாயிலிருந்து கேட்டவருக்கு

மானிப்பாயிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வருகிற ஆகஸ்ட்டில் மனைவி, ஆறும் ஒன்பதும் வயதான இரண்டு பிள்ளைகள், அம்மா எல்லோருமாகப் பாரிஸில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் பதினெட்டு நாள் போகிறார்கள். மச்சான் தன்னுடைய காரைத் தருகிறாராம். பாரிஸிலிருந்து ஜேர்மனியில் ஹம் காமாட்சி அம்பாள் கோயில், பிறகு சுவிஸில் பேர்ன் நகரத்து மாமா வீடு, அங்கிருந்து இத்தாலியில் மிலான், திரும்பப் பாரிஸ். பதினொரு வருடமாக யாழ்ப்பாணத்தில் கார் ஓடுகிறார், வெளிநாட்டில் ஓடியதில்லை. "என்னென்ன பத்திரங்கள் வேண்டும்?" என்பது கேள்வி. ஆனால் கடைசி வரியில் "அம்மா பயப்படுகிறா" என்று ஒரு வசனம் எழுதியிருக்கிறார். உண்மையில் கேட்பது அதைத்தான் என்று நினைக்கிறேன்: நான் இதைச் செய்யலாமா, வீட்டாரைக் காரில் ஏற்றிக்கொண்டு அந்த றோட்டில் இறங்கலாமா?

செய்யலாம். பத்திர வேலை நாலைந்து நாள் அலைச்சலோடு முடிந்துவிடும். கண்ணையும் கையையும் பழக்குவதற்குத்தான் மாதக்கணக்கு வேண்டும், அதை இன்றைக்கே யாழ்ப்பாணத்தில் தொடங்கலாம். நான் பதினேழு வருடம் ஜேர்மனியில் சாமான் வான் ஓடினேன். பெல்ஜியம், பிரான்ஸ், சுவிஸ், வட இத்தாலி எல்லாம் அந்த வேலையில் போய்வந்த இடங்கள். இப்போது கொக்குவிலில் இருந்துகொண்டு புதியவர்களுக்கு வாகனம் ஓடப் பழக்குகிறேன். இங்கிலாந்திலும் கிழக்கு ஐரோப்பாவிலும் நான் ஓடியதில்லை, அதனால் அந்தப் பக்கம் பற்றி எழுதமாட்டேன். சட்டத்தரணியும் அல்ல. கட்டணம், தண்டம் என்று நான் சொல்லும் தொகைகளைப் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னர் ஒருமுறை சரிபாருங்கள், அவை மாறக்கூடியவை. கண்ணும் கையும் பற்றிச் சொல்வது மாறாது.

முதலில் பத்திரங்களை முடித்துவிடுவோம். ஷெங்கன் விசாவை, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்துத் தருகிற ஒரே விசாவை, எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். நான் கீழே சொல்கிறபடி போனால் அது பிரான்ஸ். சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனுக்குள் இருக்கிறது, தனி விசா தேவையில்லை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், ஆகஸ்ட் பயணத்துக்கு மார்ச்சிலேயே தொடங்குவது நல்லது. ஆளுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி கட்டாயம். தங்கச்சி தன்னுடைய நகரசபையில் உங்களை வீட்டில் வைத்துக்கொள்வதற்கான அத்தாட்சிக் கடிதம் எடுத்து அனுப்ப வேண்டும். அதற்கே சில இடங்களில் வாரக்கணக்கில் முறை பார்த்திருக்க வேண்டிவரும், இன்றைக்கே சொல்லிவையுங்கள்.

சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கொழும்பில் இலங்கை ஓட்டோமொபைல் சங்கத்தில் எடுக்கலாம். ஒரு வருடம் செல்லும். அது உங்களுடைய லைசன்ஸின் மொழிபெயர்ப்பு மட்டும்தான். அதைக் கொண்டுபோய் அசல் லைசன்ஸை வீட்டில் விட்டுவிட்டால் உங்களிடம் ஒன்றும் இல்லாததற்குச் சமம். இரண்டையும் ஒன்றாக, கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். உங்களுடைய லைசன்ஸ் ஓட்டோ கியருக்கு மட்டும் எடுத்ததா என்பதையும் பாருங்கள், மச்சானின் கார் கைக் கியராக இருந்தால் அங்கேயே கதை முடிந்துவிடும்.

மச்சானின் கார் என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் தயக்கம். அன்போடு தருகிறார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே காப்புறுதி என்பது காருக்கு மட்டும் எழுதியது அல்ல, யார் ஓடுகிறார் என்பதையும் பார்க்கும். பல ஒப்பந்தங்களில் பெயர் போடாத ஆள் ஓடி விபத்து நடந்தால் சொந்தக்காரர் பெரிய தொகையைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். சிலவற்றில் வேறு ஆளே ஓடக்கூடாது. மச்சான் தன்னுடைய கம்பனிக்கு எழுதி, இலங்கை லைசன்ஸ் உள்ள நீங்கள் பிரான்ஸ், பெல்ஜியம், ஜேர்மனி, சுவிஸ் நாலிலும் ஓடலாம் என்று எழுத்தில் பதில் வாங்கவேண்டும். தொலைபேசியில் "ஓம் ஓம், பிரச்சினை இல்லை" என்று சொன்னது செல்லாது. எழுத்தில் தராவிட்டால் காரை வாடகைக்கு எடுங்கள். அதற்குச் சாரதியின் பெயரிலேயே கடனட்டை வேண்டும், வைப்புப் பணத்தை அதில் பிடித்துவைப்பார்கள். எந்தெந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்பதை எடுக்கும்போதே சொல்லவேண்டும். காரைக் கையேற்கும்போது நாலு பக்கமும், நாலு சில்லும், உள்ளேயும் படம் எடுத்து வையுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் உங்கள் வீட்டுக்கு இதுதான் பெரியது. பிரான்ஸில் பத்து வயதுக்குக் கீழே, ஜேர்மனியிலும் சுவிஸிலும் பன்னிரண்டு வயதுக்குக் கீழே 150 சென்ரிமீற்றர் உயரத்தை எட்டாத பிள்ளைகளுக்குப் பிள்ளை இருக்கை கட்டாயம். ஆகவே உங்கள் இரண்டு பேருக்கும் வேண்டும். சாதாரணக் காரின் பின் சீற்றில் இரண்டு பிள்ளை இருக்கைகளைப் போட்டால் நடுவில் மிஞ்சும் இடம் ஒரு சாணுக்கு மேல் வராது. அதில் அம்மாவை ஆறு மணித்தியாலம் இருத்த முடியாது. அம்மா முன்னால், மனைவி பின்னால் பிள்ளைகளுக்கு நடுவில் என்றாலும் மனைவி பாவம். தங்கச்சியைக் கொண்டு இப்போதே மச்சானின் காரில் இரண்டு இருக்கைகளையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இடம் போதாவிட்டால் ஏழு சீற் கார் எடுப்பதற்கு அதுவே காரணம்.

இனிக் கண்ணுக்கும் கைக்கும் வருகிறேன். நாங்கள் இடப்பக்கம், அவர்கள் வலப்பக்கம். எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பிழை எப்போது வருகிறது என்பதைக் கேளுங்கள். வாகனம் நிறைந்த றோட்டில் வராது, முன்னால் போகிறவனைப் பார்த்துப் போய்விடுவோம். வெறும் றோட்டில்தான் வரும். நான் போன புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு சின்ன ஊரில் பெற்றோல் அடித்துவிட்டு வெளியே வந்தேன். ஒரு குருவியும் இல்லை. மனம் எங்கோ இருந்தது, கை தன்பாட்டில் இடப்பக்கம் திருப்பி, இடப்பக்க ஓரத்திலேயே ஏறிவிட்டது. நூறு மீற்றர் போயிருப்பேன். வளைவில் ஒரு பால் லொறி, முன் லைட்டை இரண்டு தரம் அடித்தது. அவன் பிறேக் பிடித்து நின்றான், நானும் நின்றேன். இரண்டு பேருக்கும் இடையில் ஒரு கார் நீளம். அவன் ஏசக்கூட இல்லை, விரலால் மற்றப் பக்கத்தைக் காட்டினான். அன்றிலிருந்து பெற்றோல் ஷெட், கார்த் தரிப்பிடம், வீட்டு வாசல், எதிலிருந்து வெளிக்கிட்டாலும் வாய்விட்டு "வலப்பக்கம்" என்று சொல்லிவிட்டுத்தான் சில்லை உருட்டுவேன். நீங்களும் சொல்லுங்கள். பிள்ளைகளையும் சொல்லச் சொல்லுங்கள், அவர்கள் ஒருநாளும் மறக்கமாட்டார்கள்.

இரண்டாவது, வலப்பக்க முன்னுரிமை. எங்களுடைய ஊரில் குச்சொழுங்கையிலிருந்து வருகிறவன் பெரிய றோட்டில் போகிறவனுக்காக நிற்பான், அல்லது தலையை நீட்டிப் பார்த்து மெல்ல வருவான். பிரான்ஸிலும் ஜேர்மனியிலும் பெல்ஜியத்திலும் சந்தியில் பலகையோ சிக்னல் லைட்டோ இல்லையென்றால், வலப்பக்கத்தால் வருகிறவனுக்குத்தான் முதல் உரிமை. அவன் வருவது எவ்வளவு சின்ன ஒழுங்கையாக இருந்தாலும் சரி. பிரான்ஸில் ஒரு கிராமத்தில் எழுபது வயதிருக்கும் ஒரு அம்மா, பக்கத்து ஒழுங்கையிலிருந்து என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே வெளியே வந்தார். எனக்கு நெஞ்சு நின்றுபோனது. பிழை அவருடையது அல்ல, அவருடைய உரிமையில் அவர் வந்தார். வெள்ளைக் கரையோடு மஞ்சள் நிறத்தில் சாய்சதுரப் பலகை ஒன்று வரும்: நீங்கள் முன்னுரிமை வீதியில் போகிறீர்கள் என்று அர்த்தம். அதே பலகையில் கறுப்புக் கோடு போட்டிருந்தால் அந்த உரிமை முடிந்தது. அந்த நிமிடத்திலிருந்து ஒவ்வொரு வலப்பக்க ஒழுங்கையையும் பார்த்துப் போகவேண்டும். நூறு பலகைகள் இருக்கின்றன, ஆனால் பாடமாக்க வேண்டிய முதல் பலகை இதுதான். சுற்றுவட்டத்தில் வலப்பக்கமாக நுழைந்து, மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்ப்புறமாகச் சுற்றவேண்டும். இடப்பக்கத்தால், வட்டத்துக்குள் வருகிறவனுக்கு வழி விடவேண்டும்.

இதற்கெல்லாம் அடியில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. யாழ்ப்பாண றோட்டில் நாங்கள் ஆளுடைய முகத்தைப் பார்த்து ஓடுகிறோம். சைக்கிள்காரன் திரும்பப் போகிறான் என்று அவனுடைய தோள் சொல்லும். மாடு குறுக்கே வரும், ஓட்டோ திடீரென்று நிற்கும், எல்லோரும் எல்லோருடைய பிழையையும் எதிர்பார்த்து ஓடுவதால் பிழை பெரும்பாலும் விபத்தாகாமல் தப்பிவிடும். அங்கே ஒருவரும் முகம் பார்ப்பதில்லை, மற்றவன் சட்டப்படிதான் வருவான் என்று முழுதாக நம்பி, வேகம் குறைக்காமல் வருகிறார்கள். எங்களுடைய சின்னப் பிழையைத் தாங்க அந்த றோட்டில் இடமில்லை. பதினொரு வருடப் பழக்கம் உங்களுக்குப் பெரிய பலம், குறுக்கே வருவதை முன்கூட்டியே காண்கிற கண் உங்களிடம் இருக்கிறது. ஆனால் "நான் கொஞ்சம் தலையை விட்டால் அவன் நிற்பான்" என்ற நினைப்பை விமான நிலையத்தில் விட்டுவிட்டுப் போகவேண்டும்.

வேகம் அடுத்தது. கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 றோட்டில் எங்களுக்குச் சட்டப்படி மணிக்கு 70 கிலோமீற்றர். பிரான்ஸின் பெருந்தெருவில் 130, மழையில் 110. பெல்ஜியத்திலும் சுவிஸிலும் 120. ஜேர்மனியில் பலகை இல்லாத இடங்களில் எல்லை கிடையாது, 130 என்பது பரிந்துரை. அதாவது நீங்கள் 120ல் ஒரு லொறியை முந்தும்போது பின்கண்ணாடியில் புள்ளியாகத் தெரிந்தவன் 200ல் வந்து பின்னால் நிற்பான். வலப்பக்க ஒழுங்கிலேயே (லேனிலேயே) ஓடுங்கள், முந்த மட்டும் இடப்பக்கம் போய், முந்தியவுடன் திரும்பி வாருங்கள். வலப்பக்கத்தால் முந்தக் கூடாது. ஜேர்மனியில் நெரிசல் வந்து வாகனங்கள் மெல்ல ஊரும்போதே இடது கடைசி ஒழுங்கில் உள்ளவர்கள் இடப்பக்கம் ஒதுங்க, மற்ற எல்லோரும் வலப்பக்கம் ஒதுங்கி, நடுவில் அம்புலன்ஸுக்கு வழி விடவேண்டும். அம்புலன்ஸ் வந்த பிறகு ஒதுங்குவது பிந்தியது, அதற்கும் தண்டம் இருக்கிறது.

இதை இங்கே எப்படிப் பழகுவது? ஒன்று, போவதற்கு முன்னர் ஒருதரமாவது கொழும்பு போய்த் தெற்கு அதிவேக வீதியில் மாத்தறை வரை 100ல் ஓடிப் பாருங்கள். ஒழுங்கு மாறுவதும், நீண்ட நேரம் ஒரே வேகத்தில் கண்ணாடி பார்ப்பதும் கைக்கு வரும். இரண்டு, வீட்டில் வேறு யாரும் கார் ஓடும்போது இடப்பக்க முன் சீற்றில் இருந்து பாருங்கள். அங்கே உங்களுடைய இருப்பிடம் அதுதான், காரின் பெரும்பகுதி உங்களுக்கு வலப்பக்கம் நீண்டு கிடக்கும். புதிதாக ஓடுகிறவர்கள் எல்லோரும் தெரியாமலே வலப்பக்கம் ஒதுங்கிப் போய், நிற்கிற கார்களின் கண்ணாடியைத் தட்டுகிறார்கள். என்னிடம் பழகிவிட்டுப் போனவர்கள் வந்து சொன்ன கதைகளில் பாதி இதுதான். மூன்று, கூகுள் வீதிக் காட்சியில் தங்கச்சி வீட்டு வாசலிலிருந்து பெருந்தெருவில் ஏறும் இடம் வரை ஒவ்வொரு சந்தியாகப் போய்ப் பாருங்கள். முதல் நாள் ஓடும்போது ஏற்கனவே ஓடிய றோட்டாக இருக்கும். பிறகு, எங்களுடைய ஜப்பான் கார்களில் சிக்னல் வலக்கையில், வைப்பர் இடக்கையில். அங்கே மாறி இருக்கும். முதல் இரண்டு நாள் ஒவ்வொரு சந்தியிலும் வைப்பர் ஆடும், பயப்பட வேண்டாம்.

பயண ஒழுங்குக்கு வருவோம். பாரிஸில் முதல் நாலு நாள் காரைத் தொடாதீர்கள். நகரத்தில் பெரும்பாலான தெருக்களில் 30தான், நிறுத்த இடமில்லை, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் போக மெட்ரோ இருக்கிறது. நடந்து திரியும்போதே வாகனம் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று கண் பழகும். நித்திரைக் கலக்கமும் தீரும். ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமையாக வரும்படி பாருங்கள். பிரான்ஸிலும் ஜேர்மனியிலும் ஞாயிறு பகலில் பெரிய லொறிகள் ஓடத் தடை, பெருந்தெருவில் அன்றைக்கு லொறி நெரிசல் இருக்காது. விடிய ஆறரைக்கு வெளிக்கிட்டால் பாரிஸைச் சுற்றிய வட்டவீதியும் சும்மா கிடக்கும். அங்கே 50க்கு மேல் போகக்கூடாது, கமரா இருக்கிறது. காரில் இடமிருந்து, முதல் இரண்டு மணித்தியாலம் மச்சான் பக்கத்தில் இருந்தால் நல்லது, முடியாவிட்டால் நாலாம் நாள் பின்னேரம் மட்டும் அவரோடு ஒரு மணித்தியாலம் ஓடிப் பாருங்கள். பாரிஸிலிருந்து ஹம் அறுநூறு கிலோமீற்றர் அளவில் வரும். பெல்ஜியம் வழியாக லியேஜ், ஆகன், கேல்ன் என்று போகவேண்டும். ஓடத் தெரிந்த எனக்கு ஆறு மணித்தியாலம், உங்களுக்கு ஒரே நாளில் வேண்டாம். லியேஜ் பக்கத்தில் ஒரு இரவு தங்கிவிட்டுப் போங்கள்.

மிலானை வெட்டிவிடுங்கள் என்பது என்னுடைய கருத்து. பேர்னிலிருந்து மிலான் போவதென்றால் ஆகஸ்ட் மாதத்தில் கோத்தாட் மலைச் சுரங்க வீதி. ஏறக்குறைய 17 கிலோமீற்றர், எதிரெதிரே ஒவ்வொரு ஒழுங்கு. சனிக்கிழமைகளில் வாசலில் மணித்தியாலக் கணக்கில் வரிசை நிற்கும். யாழ்ப்பாணம் ஒரு மேடும் இல்லாத ஊர், மலை இறக்கத்தில் பிறேக்கை விட்டுக் கியரில் இறக்குவது எங்கள் கைக்குப் பழக்கமில்லை. அதற்கு மேல் இத்தாலி நகரங்களின் நடுப்பகுதிகளில் வெளியார் வாகனம் போகக்கூடாத வலயங்கள். கமரா படம் பிடித்துவிடும், ஊருக்கு வந்து மாதங்கள் கழித்துத் தண்டக் கடிதம் வரும். மிலானிலிருந்து பாரிஸ் திரும்புவது இன்னொரு 850 கிலோமீற்றர். அந்த நாட்களைப் பேர்னில் மாமா வீட்டில் வைத்து, தூண் ஏரி, இன்ரலாக்கன் பக்கம் ஒரு மணித்தியால ஓட்டமாகப் போய்வாருங்கள். மிலான் பார்த்தே ஆகவேண்டும் என்றால் பேர்னிலிருந்து ரயிலில் போகலாம், மலையையும் யன்னலால் பார்க்கலாம். கணக்கு இப்படி வரும்: பாரிஸில் முதலில் நாலு இரவு, வழியில் ஒன்று, ஹம்மில் மூன்று, பேர்னில் ஐந்து, கடைசியில் பாரிஸில் நாலு. பாரிஸ் மாணிக்க விநாயகர் தேர் வழக்கமாக ஆகஸ்ட் கடைசியை ஒட்டி வரும். நல்லூர்க் கொடி ஏறியிருக்கும் நேரத்தில் ஊரைவிட்டுப் போகிறீர்கள், அந்தத் தேரையாவது அம்மாவுக்குக் காட்டுங்கள்.

ஹம்மிலிருந்து பேர்ன் அறுநூறு கிலோமீற்றருக்கு மேல் வரும், ஆனால் அதற்குள் உங்களுக்குக் கை பழகியிருக்கும். ஃபிராங்க்ஃபர்ட், ஃபிரைபூர்க், பாசல் என்று நேர் றோட்டு. விடிய வெளிக்கிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் நின்று, மத்தியானம் நீட்டி ஓய்வெடுத்துப் போங்கள். சுவிஸ் பெருந்தெருவுக்கு 40 பிராங்க் வருட அனுமதி வேண்டும், கண்ணாடியில் ஒட்டுவதாகவோ இணையத்தில் இலக்கத் தகட்டுக்கோ வாங்கலாம். குறைந்த நாளுக்கு என்று தனியாக இல்லை. இல்லாமல் பிடிபட்டால் 200 பிராங்க் தண்டம். ஜேர்மனியிலும் பெல்ஜியத்திலும் காருக்கு வீதிக் கட்டணம் இல்லை. பிரான்ஸில் பெருந்தெருவில் நுழையும்போது சீட்டு எடுத்து வெளியேறும்போது கட்டவேண்டும். சுவிஸில் வேகத் தண்டம் மிகக் கடுமை, பலகையில் போட்டதற்கு ஒரு கிலோமீற்றரும் கூட்டாதீர்கள். கமரா இருக்குமிடத்தை எச்சரிக்கிற செயலியை ஜேர்மனியிலும் சுவிஸிலும் ஓடும்போது பாவிக்கக்கூடாது, போனில் அதை நிறுத்திவையுங்கள்.

எரிபொருளில் ஒரு பொறி இருக்கிறது. பிரெஞ்சில் "கசோல்" என்று எழுதியிருந்தால் அது டீசல். சத்தத்தைக் கேட்டு ஆட்கள் பெற்றோல் என்று நினைத்துவிடுகிறார்கள். எழுத்தைப் பார்க்காமல் வடிவத்தைப் பாருங்கள்: வட்டத்துக்குள் ஈ5 அல்லது ஈ10 என்றால் பெற்றோல், சதுரத்துக்குள் பி7 என்றால் டீசல். காரின் மூடியிலும் அதே வடிவம் பெரும்பாலும் இருக்கும். விபத்து என்றால் இந்த எல்லா நாட்டிலும் 112க்கு அழைக்கவேண்டும். ஒளிரும் மேலங்கியைக் கார் டிக்கியில் வைக்காமல் சீற்றுக்குப் பக்கத்தில் வையுங்கள், இறங்குமுன் போடவேண்டும். சின்னத் தட்டுப்பட்டால் இரு பக்கமும் நிரப்பும் ஐரோப்பிய விபத்துப் படிவம் ஒன்று இருக்கிறது, எந்த மொழியிலும் கட்டங்களின் இலக்கம் ஒன்றுதான். ஆங்கிலப் படிவம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு நிரப்புங்கள். விளங்காததில் கையெழுத்துப் போடாதீர்கள், மச்சானுக்கு அழைப்பு எடுங்கள்.

கடைசியாக ஒன்று, ஒருவரும் சொல்லாதது. பத்து நாள் வலப்பக்கம் ஓடினால் கண் அதற்குத் திரும்பிவிடும். நான் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் முதல் இரண்டு நாள் சந்திகளில் பிழையான பக்கம்தான் பார்த்திருக்கிறேன். கட்டுநாயக்காவில் இறங்கி, இரவோடிரவாக நானூறு கிலோமீற்றர் நீங்களே ஓடி மானிப்பாய் வரலாம் என்று நினைக்கவேண்டாம். தெரிந்த வான்காரருக்கு இப்போதே நாளைச் சொல்லிவையுங்கள். வீட்டுக்கு வந்த அடுத்த நாளும் கார்த் திறப்பை மனைவியிடம் கொடுத்துவிட்டு, சந்திவரை நடந்து போய்வாருங்கள்.